தொண்ணூற்றொன்று வாங்கிய அமுதவள்ளி

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடைக்கு மேலே, ஆள் திரும்பினால் தோள் இடிக்கும் படிக்கட்டில் ஏறிப் போனால் 'சிகரம் பயிற்சி மையம்' வரும். இரண்டாவது மாடிக்குச் சிகரம் என்று பெயர் வைக்கிற துணிச்சல் முகுந்தனுக்குத்தான் உண்டு. அரசாங்க நிர்வாக அதிகாரி வேலைக்கான தேர்வுக்கு ஆட்களைத் தயார் செய்கிறவர் அவர். எல்லாரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீங்கள் எழுதினீர்களா மாஸ்டர் என்று யாராவது கேட்டால், "நானெல்லாம் இன்டர்வியூ வரைக்கும் போன ஆளு லா" என்பார். எந்த வருஷம், எந்தக் கட்டடம் என்று அடுத்த கேள்வி கேட்கக்கூடிய ஒரே ஆள் அமுதவள்ளி. அவளும் கேட்டதில்லை. கேள்வி கேட்கும் அளவுக்குக்கூட அந்த மனிதரை அவள் மதிக்கவில்லை.

அமுதவள்ளிக்கு முப்பத்து மூன்று வயது. கிள்ளானில், தாமான் செந்தோசாவில், அம்மா நல்லம்மாளோடு இருக்கிறாள். துறைமுகத்துக்கு வந்து இறங்கும் சரக்குகளுக்குப் பத்திரம் தயாரித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. அந்தப் பத்திரங்களைக் கட்டாகத் தூக்கிக்கொண்டு அரசாங்கக் கவுண்டரில் போய் நிற்பதும் அவள் தலையில்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் இரண்டு தாளைப் புரட்டுவார். முத்திரைச் சாப் குத்தவில்லை, போய்க் குத்திக்கொண்டு வா என்று மோவாயால் வாசலைக் காட்டுவார். குத்திக்கொண்டு ஓடி வந்தால் நாற்காலி காலியாக இருக்கும். ஆள் தேநீர் குடிக்கப் போயிருப்பார். அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு மத்தியானத்தில்தான், இதில் ஒரு நாள் நான் உட்காராமல் விடுவதில்லை என்று அமுதவள்ளி மனசுக்குள் கறுவிக்கொண்டாள். நாட்டுக்குச் சேவை, இளமைக் கனவு என்றெல்லாம் அவளைப் பற்றி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கவுண்டருக்கு அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதற்காக ஏற்கெனவே இரண்டு முறை தேர்வு எழுதித் தோற்றிருந்தாள். அந்தத் தோல்வி வருகிற விதமே ஒரு கொடுமை. இணையத்தில் அடையாள அட்டை எண்ணைத் தட்டினால் மலாயில் ஒரு வரி வரும். 'சுக்காசித்தா' என்று தொடங்கினால் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறார்கள். 'டுக்காசித்தா' என்று தொடங்கினால் வருத்தத்தோடு தெரிவிக்கிறார்கள். மீதியைப் படிக்கவே வேண்டாம். எத்தனை மார்க் வந்தது, எங்கே சறுக்கியது, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை இருக்காது. மாதக்கணக்கில் படித்தவனுக்கு ஒரு வரி வருத்தம் தெரிவித்து அனுப்பிவிடுவார்கள்.

மார்க் தெரியாமல் இப்படிக் காய்ந்து கிடக்கிற ஆட்களுக்கு மார்க்கை வாரி வழங்குகிற இடம்தான் சிகரம். சனிக்கிழமை காலையில் மாதிரித் தேர்வு. முகுந்தன் ஒரு தலைப்பை வெள்ளைப் பலகையில் எழுதிப் போடுவார். எல்லாரும் குனிந்து கட்டுரை எழுதுவார்கள். எழுதி முடித்ததும் அவர் திருத்துவார் என்றுதானே நினைக்கிறீர்கள். அந்தப் பேச்சே கிடையாது.

"பேப்பர பக்கத்து ஆளோட மாத்திக்குங்க. அடுத்தவங்க பேப்பர திருத்தினாத்தான் நம்ம தப்பு நமக்குத் தெரியும். ஓக்கேவா?" என்று சொல்லிவிட்டு அவர் கீழே தே தாரிக் டீ குடிக்கப் போய்விடுவார். வேலையைச் செய்யாமல் இருப்பதற்கு இவ்வளவு கௌரவமான காரணத்தைக் கண்டுபிடித்தவரைச் சும்மா சொல்லக்கூடாது.

தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து முறுக்குத் தட்டு வந்தால் வெறுந்தட்டைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. நாலு அதிரசமாவது வைத்துத்தான் அனுப்புவோம். சிகரத்தில் மார்க்கும் அப்படித்தான் வீடு மாறியது. நீ எனக்கு எண்பது போட்டால் நான் உனக்கு எண்பத்திரண்டு போடுவேன். அடுத்த வாரம் நீ எண்பத்து மூன்று போட்டு மானத்தைக் காப்பாற்றிக்கொள்வாய். சிவப்பு மை மனசைக் கஷ்டப்படுத்தும் என்று பச்சை மையில்தான் திருத்துவார்கள். ஓரத்தில் 'குட்', 'வெரி குட்', ஒரு சிரித்த மூஞ்சி. முகுந்தன் மேலே வந்து மார்க்குகளை வாட்ஸ்அப் குழுவில் ஏற்றி, அதிகம் வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு கோப்பைப் படம் போடுவார். மத்தியானத்துக்குள் அது அம்பாங் அத்தை வரைக்கும், காஜாங் சித்தப்பா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

அமுதவள்ளி மட்டும் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போதே கைப்பையில் சிவப்புப் பேனாவோடு வருவாள்.

சரண் என்று ஒரு பையன். சுங்கை வேயிலிருந்து வருவான், கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான். வெள்ளத்தைத் தடுப்பது எப்படி என்ற தலைப்புக்கு, வெள்ளம் என்றால் தண்ணீர் அதிகமாக வருவது என்று ஆரம்பித்து ஒரு முழுப் பக்கம் எழுதியிருந்தான். அமுதவள்ளி அவனுக்கு நாற்பத்தொன்று போட்டாள். கட்டுரை என்னவோ மலாயில் இருந்தது. ஆனால் அவள் ஓரத்தில் தமிழில்தான் எழுதுவாள். திட்டுவதற்கு அதுதான் அவளுக்கு வாகு. 'வெள்ளம் என்றால் தண்ணீர் என்று திருத்துகிறவருக்குத் தெரியாதா? இது கட்டுரையா, கால்வாயா?' என்று எழுதியிருந்தாள். சரணின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அந்தப் பேப்பரை நாலாக மடித்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான்.

முகுந்தன் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அமுதா, நாப்பத்தொண்ணெல்லாம் வேணாம் லா. பசங்களுக்கு மோரல் டவுன் ஆயிடும்."

"மோரல் ஏறினா பாஸ் பண்ணிடுவானா மாஸ்டர்?"

"அறுபது போட்டுட்டுப் போயேன். உனக்கு என்ன நஷ்டம்?"

"நீங்களே திருத்துங்க. நான் வேணா கீழ போயி தே தாரிக் குடிச்சிட்டு வரேன்."

முகுந்தன் வெள்ளைப் பலகையை அழிக்கப் போய்விட்டார். கிள்ளானுக்குத் திரும்பும் வழியெல்லாம் அமுதவள்ளிக்கு ஒரே குஷி. முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிறவள் என்று தன்னைப் பற்றி அவளுக்கு எப்போதுமே ஒரு பெருமை உண்டு. அது உண்மையும்தான். மற்றவர்கள் பேப்பர்களைப் பற்றி அந்த மாடியில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அவள் சொன்னதுதான்.

ஜனகா என்கிற பெண்ணையும் அவள் விட்டுவைக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இருக்கிற யாழ்ப்பாணத்துக் குடும்பம். தாத்தா காலத்திலிருந்து வீட்டில் யாராவது ஒருவர் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஜனகா பல்கலைக்கழகம் முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. முதல் பேப்பருக்கு அமுதவள்ளி ஐம்பத்திரண்டு போட்டு, 'குறையை வரிசையாகச் சொல்லிவிட்டாய். நீ என்ன செய்யச் சொல்கிறாய்? தீர்வு எங்கே?' என்று எழுதிக் கொடுத்தாள். ஜனகா படித்துப் பார்த்துவிட்டு, "தேங்க்ஸ்க்கா" என்றாள். அடுத்த வாரம் அதே கட்டுரையைத் திரும்ப எழுதிக்கொண்டு வந்து அமுதவள்ளியின் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அறுபது கிடைத்தது. அதற்கடுத்த வாரமும் வந்தாள். இவ்வளவு வாங்கிக் கட்டிக்கொண்டும் சிரித்த முகமாக வருகிறாளே, கொஞ்சம்கூடச் சொரணை இல்லாத பெண் என்று அமுதவள்ளி நினைத்துக்கொண்டாள்.

சரி, இவ்வளவு கறாராகத் திருத்துகிறவளுடைய பேப்பரை யாராவது திருத்த வேண்டும் அல்லவா. திருத்தினார்கள். சரண் எண்பத்தாறு போட்டான். ஜனகா எண்பத்தெட்டு போட்டாள். ஒரு முறை தொண்ணூற்றொன்றே வந்தது. ஓரத்தில் ஒரு கீறல் கிடையாது.

இங்கேதான் அமுதவள்ளியின் மூளை வேலை செய்த அழகைப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் எண்பது வாங்கினால் அது பொய் மார்க், கொடுக்கல் வாங்கல் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் யாருக்கும் கொடுக்கவில்லையே. நாற்பத்தொன்று வாங்கிக்கொண்டு முகம் கறுத்துப் போனவன் தனக்கு எண்பத்தாறு போடுகிறான் என்றால், கோபத்தில் இருக்கிறவனாலேயே குறைக்க முடியாத மார்க் அது. அப்படியானால் அது சத்தியமான மார்க்காகத்தான் இருக்க வேண்டும். இப்படி ஒரு கணக்கைப் போட்டு அதை அவள் முழுசாக நம்பினாள். ஊரில் இருக்கிற எல்லாரையும் சந்தேகப்படுகிறவள் தன்னைப் புகழ்கிறவனை மட்டும் சந்தேகப்படவில்லை. படித்தவள்தான், என்ன செய்வது.

தொண்ணூற்றொன்று வந்த வாரம் முகுந்தன் ஒரு பேனர் அடித்துப் படிக்கட்டு வாசலில் கட்டிவிட்டார். அமுதவள்ளியின் வாட்ஸ்அப் படத்தை எடுத்து ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியிருந்தார். அது அவள் தங்கை முறையாகிற பெண்ணின் கல்யாணத்தில் எடுத்த படம். தலை நிறைய மல்லிகை, பக்கத்தில் யாருடைய தோளோ பாதி. கீழே பெரிய எழுத்தில் 'அடுத்த அதிகாரி', அதற்கும் கீழே இன்னும் பெரிதாக 91.

"யாரக் கேட்டு மாஸ்டர் என் படத்த போட்டீங்க?" என்று அவள் சண்டைக்குப் போனாள்.

"எடுத்துடவா?"

"கட்டினது கட்டிட்டீங்க, இருக்கட்டும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரயில் ஏறுவதற்கு முன்னால் அந்த பேனரை நாலு கோணத்தில் படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பிவிட்டாள். நல்லம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைச் சீட்டுக்கு நிற்கிறவர்களிடமெல்லாம் போனைக் காட்டினாள். மார்க் யார் போட்டது என்று கோயிலில் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஒருவர் உண்டு. கம்பெனி மேனேஜர் திருச்செல்வம்.

"அமுதா, நோர்த் போர்ட் பிரான்ச்சுக்கு சூப்பர்வைசர் வேணும். நான் உன் பேரத்தான் மேல சொல்லியிருக்கேன்" என்றார் ஒரு நாள்.

"வேணாம் சார். இந்த வாட்டி எனக்கு கவர்மெண்ட்ல கிடைச்சிடும். நடுவுல விட்டுட்டுப் போனா உங்களுக்குத்தான் தொல்ல."

"எக்ஸாம் முடிஞ்சிடுச்சா?"

"அடுத்த மாசம். ஆனா டிரையல்ல எல்லாம் தொண்ணூறு கிட்ட வருது சார்."

"யாரு போட்ட மார்க்கு?"

"சென்டர்ல போட்டதுதான்."

திருச்செல்வம், "ஒரு வாரம் யோசிச்சி சொல்லு" என்றார்.

அவள் யோசிக்கவில்லை. கொள்கலன்களுக்கு நடுவில் நின்று லோரிக்காரர்களோடு மல்லுக்கட்டுகிற வேலைக்கு இனிமேலா போகப் போகிறேன் என்று உதட்டைப் பிதுக்கினாள். வாரக் கடைசியில் அந்த இடம் மலருக்குப் போனது. மலர் அவளுக்குப் பின்னால் சேர்ந்தவள், மேஜையிலேயே கெரோப்போக் வறுவல் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கறுக் கறுக்கென்று தின்கிறவள். அவளுக்கு அமுதவள்ளி கை கொடுத்து வாழ்த்துச் சொன்னாள். அந்த வாழ்த்தில் இருந்த இரக்கத்தை மலர் கவனித்தாளோ இல்லையோ, கெரோப்போக்கை நீட்டினாள்.

தேர்வு வந்தது. கட்டுரைக் கேள்வியைப் பார்த்ததும் அமுதவள்ளிக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அரசாங்கக் கவுண்டர்களில் மக்கள் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்க நீங்கள் பரிந்துரைக்கும் வழிகள் என்ன? ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் சிகரத்தில் எழுதியிருந்தாள், ஜனகா எண்பத்தெட்டு போட்டது அதற்குத்தான். உலகத்தில் இந்த விஷயத்தைத் தெரிந்தவள் தன்னைவிட யார் இருக்கிறார்கள் என்று விசைப்பலகையில் விரல் வைத்தவள், மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்தவில்லை. மோவாயால் வாசலைக் காட்டுகிறவர்கள், தேநீருக்குப் போய்த் திரும்பாதவர்கள், காலி நாற்காலி, ஒருத்தரையும் விடாமல் கிழித்துத் தொங்கப் போட்டாள். வெளியே வந்தபோது மனசு அப்படியே லேசாக இருந்தது.

முடிவு வந்த அன்று அவள் அலுவலகத்தில் இருந்தாள். பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. திறந்தது. டுக்காசித்தா.

மறுபடியும் எண்ணைத் தட்டினாள். ஒருவேளை இலக்கம் மாறியிருக்கும் என்று அடையாள அட்டையை வெளியே எடுத்து வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துத் தட்டினாள். வருத்தம் மாறவில்லை. நோர்த் போர்ட் கிளையிலிருந்து ஏதோ கையெழுத்துக்காக மலர் வந்திருந்தாள். கழுத்தில் புது அட்டை தொங்கியது. அதைப் பார்த்ததும் அமுதவள்ளி எழுந்தாள். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வீட்டில் நல்லம்மாள் நம்பவே இல்லை.

"அது எப்படிம்மா? தொண்ணூத்தொண்ணு போட்டாங்களே?"

"அது வேற, இது வேறம்மா."

"என்னா வேற? நம்ம தமிழ் ஆளுங்களுக்கு எங்க குடுக்கப் போறானுங்க. அதான் விஷயம். நீ என்னா பண்ணுவ."

அந்த வார்த்தை அமுதவள்ளிக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியும் போயிருப்பாள். அதற்குள் போனில் ஜனகாவின் செய்தி வந்துவிட்டது. 'அக்கா, எனக்கு சுக்காசித்தா. அடுத்தது இன்டர்வியூ. உங்கள நேர்ல பாக்கணும். சனிக்கிழம வரீங்களா?' நம்ம ஆளுக்குக் கொடுத்துத்தான் இருக்கிறார்கள். அமுதவள்ளிக்கு அந்த ஆறுதலும் போயிற்று.

சனிக்கிழமை காலையில் அவள் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனாள், கைப்பையில் அந்த எண்பத்தெட்டு மார்க் பேப்பரையும் வைத்துக்கொண்டு. பூமாலைக் கடைக்கு எதிர்ச்சாரியில் இருக்கிற சாப்பாட்டுக் கடையில் ஜனகா லட்டு டப்பாவோடு காத்திருந்தாள்.

"உங்களாலதான்க்கா" என்று டப்பாவை நீட்டினாள். "நீங்க மட்டும் ஐம்பத்திரண்டு போடலன்னா நான் அப்படியே போய் எழுதிட்டு வந்திருப்பேன். தீர்வு எங்கேன்னு கேட்டீங்களே, எக்ஸாம்ல அதையேதான் மனசுல வச்சிக்கிட்டு எழுதினேன். முதல் பாராவிலேயே மூணு வழி சொல்லிட்டேன்."

அமுதவள்ளி லட்டைத் தொடவில்லை. பேப்பரை எடுத்து மேஜையில் வைத்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் ஓரம் ஒட்டிக்கொண்டது.

"இதுக்கு நீதானே எண்பத்தெட்டு போட்ட?"

"ஆமாக்கா."

"இப்ப திருத்து" என்று சிவப்புப் பேனாவை மூடி கழற்றி நீட்டினாள். "நெஜமா திருத்து. எனக்கு மனசு கஷ்டப்படும்னு பாக்காத."

ஜனகா பேனாவை வாங்குவதற்குத் தயங்கினாள். வாங்கினாள். படிக்க ஆரம்பித்ததும் தயக்கம் போய்விட்டது. அமுதவள்ளியிடம் படித்த பெண் அல்லவா. இரண்டாம் பக்கத்தில் ஒரு நீளக் கோடு. மூன்றாம் பக்கம் முழுவதையும் ஒரே வளையத்துக்குள் அடைத்தாள். கடைசியில் எழுதிவிட்டுப் பேப்பரைத் திருப்பி வைத்தாள். நாற்பத்து நான்கு. அதற்குக் கீழே, 'எல்லாரையும் திட்டியிருக்கிறீர்கள். கேட்டது பரிந்துரை. தீர்வு எங்கே?'

"ஒரு வழிகூடவா சொல்லல?" என்றாள் அமுதவள்ளி.

"பாருங்களேன்க்கா."

பார்த்தாள். முதல் பக்கத்தில் இல்லை. மூன்றாம் பக்கம் முழுக்கக் காலி நாற்காலியும் தேநீரும்தான். நம்பர் சீட்டுக் கொடுக்கலாம் என்றுகூட எழுதியிருக்கவில்லை. இதைத்தானே தேர்விலும் மணி அடிக்கிற வரைக்கும் மூச்சு விடாமல் எழுதினோம் என்று நினைத்தபோது அவளுக்கு உடம்பு கூசியது. வேறு யாராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால் நாற்பத்து நான்குகூடப் போட்டிருக்க மாட்டாள், அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?"

"தெரியும்க்கா."

"பயமா? என் வாய்க்குப் பயந்துதான் சரண் போட்டிருப்பான், நீயும் அப்படித்தான் போட்டியா?"

ஜனகா மேஜையில் கிடந்த மூடியை எடுத்துப் பேனாவில் மாட்டித் திருப்பிக் கொடுத்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்திருக்க வேண்டும். சொல்லவில்லை.

"பயம் இல்லக்கா. அங்க ஒழுங்கா திருத்தறது நீங்க ஒருத்தர்தான். நான் உங்களுக்குக் குறைச்சிப் போட்டு, நீங்க கோவிச்சிக்கிட்டு என் பேப்பர திருத்த மாட்டேன்னு சொல்லிட்டீங்கன்னா? எனக்கு நீங்க வேணும். அதான் எண்பத்தெட்டு போட்டேன்."

எவ்வளவு மரியாதையாக, எவ்வளவு சாதுவாகச் சொல்கிறாள் பாருங்கள். சொரணை இல்லாத பெண் என்று நினைத்தது இவளைத்தான். அமுதவள்ளிக்கு ஆத்திரமாக வந்தது. எழுந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடலாம், கேட்கத் தெரியாதவளா. ஆனால் என்னவென்று கேட்பது? தன் பேப்பருக்கு உண்மையான மார்க் வேண்டும் என்று இவளிடமோ வேறு யாரிடமோ அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. எண்பத்தெட்டைப் பார்த்துவிட்டு, பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அடுத்தவன் பேப்பரில் குற்றம் தேடப் போனவள் அவள்.

"நல்லா திருத்துற" என்றாள் கடைசியில். "இன்டர்வியூல இப்படியே நேரா பேசு."

ஜனகா கண் கலங்கி, "ஸாரிக்கா" என்றாள்.

"ஸாரி எல்லாம் வேணாம். லட்ட எடுத்துக்கிட்டு போ, வீட்டுல குடு."

எதிர்ச்சாரிக்கு வந்தால் படிக்கட்டு வாசலில் அவளே மல்லிகைப்பூவோடு ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தாள். அடுத்த அதிகாரி. 91. பேனருக்குப் பக்கத்தில் முகுந்தன் ஒரு புது மேஜை போட்டு, புதிதாகச் சேர வருகிறவர்களுக்கு விண்ணப்பப் பாரம் கொடுத்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அதில் அவருக்குப் பழக்கம் உண்டு.

"மனச விட்டுடாத அமுதா. அடுத்த வாட்டி பாத்துக்கலாம் லா."

"மாஸ்டர், இத கழட்டுங்க."

"இருக்கட்டும் லா. புது பேட்ச் வர்ற நேரம். தொண்ணூத்தொண்ணு நீ வாங்கினதுதானே? பொய் இல்லயே?"

"ஜனகாதான் பாஸ் பண்ணியிருக்கா. அவ படத்த போடுங்க."

"அவ மார்க்கு எழுபது தாண்டலயே. அத போட்டா யாரு சேருவாங்க?"

தேர்வில் ஜெயித்தவளின் மார்க் பேனருக்குப் போதவில்லை, தோற்றவளின் மார்க்தான் வேண்டுமாம். இந்த ஆளிடம் பேசி ஆகப் போவது ஒன்றுமில்லை. அமுதவள்ளி கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து பேனரில் கீறிப் பார்த்தாள். பிளாஸ்டிக்கில் மை பிடிக்கவில்லை. பூமாலைக் கடைக்குள் போனாள்.

"அக்கா, பெட்டியில எழுதற தடிப் பேனா இருக்குமா? இப்ப குடுத்துடறேன்."

கடைக்காரம்மா மல்லிகைப் பெட்டிகளில் பெயர் எழுதுகிற கறுப்பு மார்க்கரை எடுத்துக் கொடுத்தார். அமுதவள்ளி பேனருக்கு முன்னால் வந்து நின்று, 91-ஐக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். பக்கத்தில் 44 என்று எழுதினாள். தன் முகத்துக்கே தான் மார்க் போடுவது இதுதான் முதல் தடவை. பேனர் காற்றில் ஆடியதில் இரண்டாவது நான்கு கொஞ்சம் கோணிக்கொண்டது.

"ஏய், என்னா பண்ற நீ?" என்று முகுந்தன் மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார்.

மேஜைக்கு முன்னால் பாரம் வாங்க ஒரு அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். அந்த அம்மா பேனரையும் அமுதவள்ளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்கதானேம்மா? பாஸ் பண்ணிட்டீங்களா?"

"இல்ல ஆன்டி" என்றாள் அமுதவள்ளி. "தோத்துட்டேன்."

மார்க்கரை மூடி பூமாலைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவள் ரயிலைப் பிடிக்க நடந்தாள். திங்கட்கிழமை காலையில் மலரிடம் கொடுக்க வேண்டிய பத்திரங்கள் நிறையக் கிடந்தன.